சிறு படைப்பின் ஆயுள்

திரைப்படத்தில் பேரும் புகழும் ஈட்டிய ஓர் இயக்குநர் தொலைக்காட்சிக்கென்று ஏதேனும் செய்தாரென்றால், அதை அவருடைய ஓய்வுக்கால உபதொழிலாகக் கருதி ஒதுக்கிவிடுவதும், அவர் மறைந்த பிறகு எழுதப்படும் அஞ்சலிகளில் வெள்ளிவிழாக் கண்ட படங்களை மாத்திரம் வரிசைப்படுத்திவிட்டு எஞ்சியவற்றை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவதும் நம்முடைய பத்திரிகை உலகில் நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட சம்பிரதாயம். 2014ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் பாலு மகேந்திரா காலமானபோதும் பெரும்பாலும் இதுவே நடந்தது. 'மூன்றாம் பிறை'யைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். 'வீடு' படத்தைப் பற்றி மரியாதையோடு சிலர் எழுதினார்கள். 'சந்தியா ராக'த்தையும், சன் தொலைக்காட்சிக்காக அவர் எடுத்த 'கதை நேர'த்தையும் பற்றி எழுத முனைந்தவர்கள் மிகச் சிலரே. என் அபிப்பிராயத்தில் அந்தக் கலைஞருடைய ஜீவிதத்தின் சாரம் இந்தச் சிறிய படைப்புகளிலேதான் தங்கியிருக்கிறது. ஆனால் காலத்தின் கைக்கு முதலில் பலியாகிறவையும் இத்தகைய படைப்புகளே என்பதால், அவற்றைக் காக்கும் கடமையை யார் ஏற்பது என்பதைப் பற்றிப் புதுச்சேரியிலிருந்து ஒருவன் பேசுவதில் பிழையில்லை என்று நினைக்கிறேன்.

ஈழத்தின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்கு அடுத்த அமிர்தகழியில் 1939ஆம் ஆண்டு பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிச் சிறுவனாயிருந்த காலத்தில், ஆங்கிலேய இயக்குநர் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற படத்தை இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்க்க நேர்ந்ததும், இயக்குநர் 'மழை' என்று உரக்கச் சொன்ன மாத்திரத்தில் மழை பொழிந்ததைக் கண்டு, ஆனால் இயக்குநராகவே ஆவது என்று தீர்மானித்ததும் அவரே பலமுறை சொல்லித் தமிழ்நாடெங்கும் பரவிவிட்ட கதை. ஏவல் கேட்டுப் பொழிந்த மழையைக் கண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர், பிற்காலத்தில் ஜன்னல் வழியாகத் தானாக வரும் வெளிச்சத்தை எதிர்பார்த்துக் காமிராவோடு காத்திருந்தாரே, அந்த விசித்திரத்தைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. புனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளிவந்த அவரை, 'செம்மீன்' எடுத்த ராமு காரியாத் தம்முடைய 'நெல்லு' படத்துக்கு அழைத்துக்கொண்டார். 1974இல் வெளியான அந்த மலையாளப் படத்துக்குப் பிறகு மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் தென்னிந்திய மொழிகள் எல்லாவற்றிலும் அவருடைய காமிராவுக்கு வேலை இருந்தது.

ஒளிப்பதிவாளராக அவர் மற்றவர்களுக்குச் செய்து கொடுத்த பணியைக்கூட ஒரு முழு வாழ்க்கைக்குப் போதுமானதென்று சொல்லலாம். மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்தில் அந்த மலைப் பிரதேசத்தின் பனியும் மண்ணும் கதாபாத்திரங்களாகவே உலவுவதும், கே. விஸ்வநாத்தின் 'சங்கராபரண'த்தில் விளக்கொளியும் அதிகாலையின் சாம்பல் நிறமும் சங்கீதத்துக்கு இசைந்து நடப்பதும், மணிரத்னம் என்ற புதியவர் தம் முதற்படமான 'பல்லவி அனுபல்லவி'யை 1983இல் வெளியிட்டபோது அதற்குக் கிடைத்த காட்சியழகும் இவருடைய கைவண்ணமே. தாமே இயக்கிய முதற்படமான 'கோகிலா' 1977இல் கன்னடத்தில், கறுப்பு வெள்ளையில் வந்தது. அதற்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் கிடைத்தது. கன்னடப் படமாயிருந்தும் சென்னையில் நெடுநாள் ஓடிற்று. பின்னர் 'அழியாத கோலங்கள்', இளையராஜாவுக்கு நூறாவது படமான 'மூடுபனி', 1982இல் 'மூன்றாம் பிறை' என்று அவர் ஏறிய படிகள் அனைவரும் அறிந்தவை.

அறிந்தவற்றைப் பற்றி நான் விரித்துரைக்கப் போவதில்லை. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். 'மூன்றாம் பிறை'யில் நினைவிழந்த ஒரு பெண்ணுக்கும் அவளைக் குழந்தையாகப் பாவித்துப் பராமரிக்கும் ஓர் ஆசிரியனுக்கும் இடையேயுள்ள மெல்லிய பந்தத்தைச் சொல்லிக்கொண்டே போகும்போது, கொட்டகைக்காரர்களின் திருப்திக்காகச் சேர்க்கப்பட்டவை போல் தோன்றும் சில பகுதிகள் குறுக்கிட்டு ரசபங்கம் செய்வதை அவருடைய பக்தர்களும் மறுக்கமாட்டார்கள். 1984இல் அவர் எடுத்த 'நீங்கள் கேட்டவை' சந்தையோடு செய்துகொண்ட சமாதானத்தைத் தன் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டது. 'ஜூலி கணபதி' போன்ற பிற்காலப் படங்களில் மேல்நாட்டுக் கதைகளின் சாயல் தூக்கலாகவே தெரிந்தது. பெரிய மூலதனம், பெரிய நடிகர், பெரிய கொட்டகை என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் அவர் சற்று நிலைகுலைந்தவராகவும், பணம் குறைந்து, நடிகர் பெயரற்றவராகி, பாட்டும் இல்லாமற்போன இடத்தில் பூரண அதிகாரம் பெற்றவராகவும் காட்சியளிப்பது, அவருடைய படங்களை வரிசையாகப் பார்க்கிற எவருக்கும் புலப்படும் உண்மை.

அதற்குத் தலையாய உதாரணம் 1988இல் வெளியான 'வீடு'. வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு ஆளான சுதா என்ற நடுத்தர வர்க்கத்துப் பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, சென்னைக்கு வெளியே வளசரவாக்கத்தில் இருக்கும் இரண்டு மனைகளில் ஒன்றை விற்று மற்றொன்றில் சிறியதாக ஒரு வீடு கட்டத் துணிகிறாள், கதை அவ்வளவுதான். கடனுக்கு அலைவது, பிளான் அனுமதிக்குக் கைநீட்டுகிறவர்களைச் சமாளிப்பது, மழை பெய்து அஸ்திவாரக் குழி நிரம்புவது, கண்டிராக்டர் சிமெண்டைத் திருடி விற்பதைச் சித்தாள் மங்கம்மா துணிந்து வெளிப்படுத்துவது, இவையெல்லாம் எவ்வித மிகையுமின்றி, ஒரு குடும்பத்தின் கணக்கு நோட்டைப் புரட்டுவது போல, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதிய நாடக நடிகரான சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக நடித்திருக்கிறார். அவர் முற்றுப்பெறாத அந்த வீட்டைக் காணத் தனியே வந்து, பூசாத செங்கற் சுவர்களைத் தடவிப் பார்த்து, அறை அறையாக நுழைந்து நிற்கிற அந்தச் சில நிமிஷங்கள் தமிழ்ச் சினிமாவில் எழுதப்பட்ட மிகச் சிறந்த வசனங்களைக் காட்டிலும் அதிகம் பேசுகின்றன. அந்தக் காட்சியில் வசனம் என்பதே அனேகமாக இல்லை. கடைசியில், சுதா வியர்வை சிந்திக் கட்டிய மனை குடிநீர் வாரியத்தால் முன்னமே கையகப்படுத்தப்பட்டதென்று ஓர் அதிகாரி வந்து சொல்ல, நியாயம் கேட்டு அவள் நீதிமன்றத்தின் முன் காத்திருப்பதோடு படம் நின்றுவிடுகிறது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் படமும், சிறந்த நடிகைக்கான விருதைச் சுதாவாக நடித்த அர்ச்சனாவும் பெற்றார்கள்.

சென்னைப் புறநகரின் கதை என்று இதை எண்ணிவிடக் கூடாது. புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள எங்கள் ஊரான நல்லவாட்டிலும், அதற்கு வடக்கே வீராம்பட்டினத்திலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு கடற்கரையோரம் முழுவதிலும், வீடு என்பது ஒரு மனுவாகவும், பட்டாவாகவும், அளவையாளர் நட்டுவிட்டுப் போன கல்லாகவும், தவணை தவணையாக வரவேண்டிய பணமாகவும் உருமாறியதைக் கண்டவர்களுக்கு, சுதாவின் முகத்தில் படரும் களைப்பை யாரும் வியாக்கியானம் செய்து விளக்க வேண்டியதில்லை. தம்முடைய பால்ய காலத்தில் ஒரு வீடு கட்டும் முயற்சியில் தம் தாயாரின் சுபாவமே மாறிப்போனதைக் கண்ட ஞாபகந்தான் இந்தப் படத்துக்கு வித்து என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். மட்டக்களப்பில் விளைந்த அந்தத் துயரம் வளசரவாக்கத்தில் படமாகி, நல்லவாட்டில் இருக்கும் ஒருவனுக்குத் தன்னுடையதாகத் தோன்றுகிறதென்றால், பெருஞ்செலவில் உலகைச் சுற்றிக் காட்டும் படங்களால் ஆகாத காரியத்தை அந்தச் சிறிய படம் சாதித்துவிட்டதென்றே கொள்ளவேண்டும்.

அடுத்து வந்த 'சந்தியா ராகம்' இன்னும் சிறியது. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. மனைவியை இழந்து கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து, இடமும் பணமும் போதாத ஓர் உறவினர் குடும்பத்தில் ஒண்டிக்கொள்ளும் கிழவரைப் பற்றியது. மறுபடியும் சொக்கலிங்க பாகவதர்தான். தூர்தர்ஷன் வழியாக வீட்டுக் கூடங்களுக்குள் வந்த அந்தப் படத்தில் வில்லன் என்று ஒருவர்கூட இல்லை, வறுமைதான் உண்டு, அந்த வறுமையிலும் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்க முயல்கிறார்கள், முடியாமல் தவிக்கிறார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் சன் தொலைக்காட்சிக்காக அவர் மேற்கொண்ட 'கதை நேரம்' இதே நெறியின் தொடர்ச்சி. சுஜாதா, மாலன் முதலிய எழுத்தாளர்களின் சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு கதை என்ற கணக்கில், ஐம்பதுக்கும் மேற்பட்ட குறும்படங்களாக அவர் அமைத்தார். அழுகையும் சூழ்ச்சியும் ஆண்டுக்கணக்கில் நீளும் நெடுந்தொடர்களுக்கு நடுவே, அரைமணி நேரத்துக்குள் ஒரு கதை தொடங்கி, ஒரு மனிதனுடைய மனத்தைத் திறந்து காட்டி, விடைபெற்றுப் போய்விடுகிற அந்த நாகரிகத்தைத் தமிழ்த் தொலைக்காட்சியில் அதற்கு முன்னும் பின்னும் நாம் அதிகம் கண்டதில்லை. எல்லாம் சமமான தரமுடையவை என்று சொல்லமாட்டேன். அவசரமாக எடுக்கப்பட்ட அடையாளம் சிலவற்றில் உண்டு. ஆயினும், அந்தத் தொடருக்காகச் சிறுகதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதித் தரும் வேலையைச் செய்த உதவியாளர்களில் ஒருவர்தான் இயக்குநர் வெற்றிமாறன் என்பதை நினைத்தால், அந்தச் சிறிய திரை எத்தகைய பள்ளிக்கூடமாக விளங்கிற்றென்பது தெரியவரும். பாலாவும் ராமும் சீனு ராமசாமியும் நா. முத்துக்குமாரும் அவரிடம் பயின்றவர்கள். 2007இல் 'சினிமா பட்டறை' என்று அவர் ஒரு கல்விக்கூடமே நிறுவினார்.

இனி, மனத்தை வருத்தும் பகுதிக்கு வருகிறேன். 'வீடு', 'சந்தியா ராகம்' ஆகியவற்றின் நெகட்டிவ்கள் அழிந்துவிட்டனவென்று பாலு மகேந்திராவே தம் கடைசிக் காலத்தில் வாய்விட்டுப் புலம்பினார். தமிழ்ப் படங்களைக் காக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டுமென்று மேடைதோறும் கேட்டார். ஒரு படத்தின் நெகட்டிவ் என்பது அதன் உயிர்நிலை; கொட்டகைக்குப் போகும் பிரிண்டுகள் அதன் சந்ததிகள். அசிட்டேட் வகைப் படச்சுருள் வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் கிடந்தால், சில பத்தாண்டுகளில் காடி நாற்றம் வீசத் தொடங்கி, சுருங்கி, நெளிந்து, மீட்க இயலாத நிலையை அடைகிறது; நம்முடைய கடற்கரை ஊர்களின் காற்றில் இரும்பே நில்லாதபோது படச்சுருளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நெகட்டிவ்கள் சென்னையின் லேப்களில் தங்கியிருந்தன. காசு கொழிக்கும் படமாயிருந்தால் உரிமையாளர் வந்து விசாரிப்பார். ஓடாத படத்தை, தயாரித்தவரே மறந்துபோன படத்தை, யார் விசாரிப்பார்? 1931இல் வந்த தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட மிஞ்சாமல் மறைந்ததற்குச் சுதந்திரத்துக்கு முந்திய காலத்தின் அறியாமையைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்கலாம். 1988இல் தேசிய விருது பெற்ற படத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

மற்ற தேசங்களில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரத்துக்கு அருகே நியூகிரேக்ஹால் என்ற சுரங்கத் தொழிலாளர் சிற்றூரில் பிறந்த பில் டக்ளஸ் என்ற இயக்குநர், தம்முடைய ஏழ்மை நிறைந்த பால்யத்தை 1972க்கும் 1978க்கும் இடையில் மூன்று சிறிய கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார், பிறகு ஒரே ஒரு பெரிய படம், 1991இல் இறந்துபோனார். வசூலைக்கொண்டு மதிப்பிட்டால் அவருக்கு இடமே இல்லை. இருப்பினும் அந்த மூன்று படங்களும் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டு இன்றும் காணக்கிடைக்கின்றன. சினிமாவைப் பற்றி அவரும் அவருடைய நண்பரும் ஆயுள் முழுதும் சேகரித்த பொருள்கள் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் அவர் பேரால் ஓர் அருங்காட்சியகமாக விளங்குகின்றன. ஸ்காட்லாந்துக்கென்று தனித் திரைப்படக் காப்பகம் 1976இலேயே தொடங்கப்பட்டு, இப்போது அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் அங்கமாயிருக்கிறது. ஜனத்தொகையில் தமிழ்நாட்டின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத நாடு அது.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லையென்று நான் சொல்லவில்லை. 1964இல் புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கப்பட்டு, பி.கே. நாயர் என்ற மகத்தான மனிதர் தனியொருவராக ஊர் ஊராய் அலைந்து பெட்டி பெட்டியாகச் சுருள்களைச் சேர்த்து வைத்தார். ஜி. அரவிந்தனின் 'தம்பு' என்ற மலையாளப் படத்தின் மூல நெகட்டிவ் இல்லாமற்போனபோது, அங்கே எஞ்சியிருந்த பிரதியை ஆதாரமாகக் கொண்டுதான் மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அதை மீட்டெடுத்தது. 2022இல் கான் திரைப்பட விழாவில் அந்தப் படம் திரையேறிற்று. எங்கோ ஓர் அறையில் ஒரு பிரதி இருந்தால் போதும், மீட்சிக்கு வழியுண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஒரு புனா போதாது. புத்தகத்துக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. வெளியிட்டவர் கன்னிமாரா முதலிய பொது நூலகங்களுக்குப் பிரதி அனுப்பியே ஆகவேண்டும். திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிப் படைப்புக்கும் அத்தகைய பொதுவான கடமை இந்தியாவில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1537ஆம் ஆண்டிலேயே, அரசர் முதலாம் பிரான்சுவா காலத்தில், நூல் வைப்பு முறையைக் கட்டளையாக்கியவர்கள்; பின்னாளில் திரைப்படத்தையும் அதில் சேர்த்து, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புகளையும் அதன்கீழ்க் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களுடைய ஆட்சியில் நெடுங்காலம் இருந்த புதுச்சேரி, சிவப்புத் தொப்பிக் காவலரையும் தெருப்பெயர்களையும் போற்றிக் காப்பாற்றிய அளவுக்கு இந்த நல்ல வழக்கத்தைப் பின்பற்ற எண்ணவில்லை.

எண்ணுவதற்கு இடமிருக்கிறது. நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் உயிர் நீத்த ஊர் இது. அவர் பேரால் புதுச்சேரி அரசு ஆண்டுதோறும் ஒரு தமிழ்ப் படத்தைத் தேர்ந்தெடுத்து, விழா எடுத்து, பொற்கிழி அளிக்கிறது. அந்த விருதின் விதிமுறைகளில் ஒரே ஒரு வாசகத்தைச் சேர்க்கவேண்டுமென்று கேட்கிறேன்: விருது பெறும் படத்தின் முழுத்தரமுள்ள பிரதியொன்றைத் தயாரிப்பாளர் அரசிடம் ஒப்படைக்கவேண்டும், அதைக் குளிரூட்டிய அறையில், ஈரம் அண்டாமல், இரண்டு இடங்களில் வைத்துக் காப்பது அரசின் பொறுப்பாகவேண்டும். கோயில்களின் புகைப்படங்களை ஒரு லட்சத்துக்கும் மேலாகப் பேணிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இதே ஊரில் இருக்கிறது. அதன் அனுபவத்தைக் கேட்டுப் பெறுவதில் கஷ்டமில்லை. முந்திய ஆண்டுகளில் விருது பெற்றவற்றையும், தொலைக்காட்சிக்கென்று எடுக்கப்பட்ட 'கதை நேரம்' போன்றவற்றையும் பின்னர் படிப்படியாகச் சேர்க்கலாம்.

இதெல்லாம் எதற்கு, யூடியூபில்தான் எல்லாம் கிடைக்கிறதே என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அங்கே கிடைப்பது நாலைந்து முறை நகலெடுத்து, மூலையில் யாரோ ஒருவருடைய முத்திரை பதித்து, பாலு மகேந்திரா பாடுபட்டுப் பிடித்த வெளிச்சமெல்லாம் சாம்பலாகிப்போன பிம்பம். நாளையே உரிமைத் தகராறு வந்தால் அதுவும் மறைந்துவிடும். டிஜிட்டலில் எடுத்த படம் அழியாதென்பதும் பிரமை. 2013இல் வந்த அவருடைய கடைசிப் படமான 'தலைமுறைக'ளுக்குத் தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது கிடைத்தது, ஆனால் ஒரு வட்டு பழுதாவதற்கு விருது ஒரு தடையல்ல.

பணமில்லாத சிறிய அரசுக்கு இது அநாவசியச் செலவு என்பது இன்னொரு ஆட்சேபம். இதற்கு நல்லவாட்டுக்காரன் ஒருவன் தன் ஊர் விஷயத்தைச் சொல்லித்தான் பதிலளிக்கவேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலையிலிருந்த எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரிக்க, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்திருந்த கிராமத் தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியாக அந்தச் செய்தி தெருத்தெருவாக ஒலித்து, ஏறத்தாழ 3,600 பேர் கொண்ட ஊர் மேட்டுக்கு ஓடித் தப்பிற்று. வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் மிஞ்சின. அந்த ஒலிபெருக்கி அன்றைக்கென்று வாங்கியதன்று. அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் நாள்தோறும் வாசித்துக் காட்டுவதற்காக, ஆபத்து இன்னதென்றே தெரியாத காலத்தில், செலவு செய்து நிறுவிப் பராமரித்து வந்தது. படச்சுருள்களையும் உயிர்களையும் ஒரு தராசில் நிறுக்கும் அளவுக்கு நான் விவேகமற்றவனல்லன். முன்கூட்டிச் செய்து வைக்கும் பொதுச் செலவை வீண் என்று அழைக்கும் உரிமை எங்கள் ஊருக்கு இல்லையென்பதை மட்டுமே சொல்லவருகிறேன்.

காப்பகத்தில் பூட்டிவைப்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. பார்க்க ஆளில்லாத படம் பாதி அழிந்ததற்குச் சமானம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறி, ஆடவர்கள் வலை பின்னிக்கொண்டு ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த நாள்களில் நல்லவாடு, பனித்திட்டு, நரம்பை, வீராம்பட்டினம் என்று ஒவ்வோர் ஊரின் கோயில் திடலிலும் ஒரு திரையைக் கட்டி, காப்பகத்துப் பிரதியிலிருந்து 'வீடு' படத்தையோ, 'கதை நேர'த்தின் இரண்டு மூன்று கதைகளையோ செய்தி விளம்பரத் துறை காட்டலாம். பாட்டில்லாத படத்தை மீனவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்களா என்று நகரத்து நண்பரொருவர் என்னிடம் சந்தேகத்தோடு கேட்டார். சிமெண்டு மூட்டை காணாமற்போகும் கட்டம் வரட்டும், சித்தாள் மங்கம்மா வாயைத் திறக்கட்டும், அப்புறம் திடலில் எழும் ஆரவாரத்தை அவரே வந்து கேட்டுக்கொள்ளலாம்.